2316-ஆம் எண் ஹெல்மெட்டில் டேபிள் ரோஸ்

முப்பத்தொன்பது தையல். 2024 மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை மதியம், ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரே டாக்டர் அடுத்தடுத்துப் போட்டவை. பதினேழு எலைனின் தலையில். இருபத்திரண்டு பிரதாப்பின் முதுகிலும் கையிலும். காயத்துக்குக் காரணம் என்ன என்று நர்ஸ் கேட்டார். பூந்தொட்டி என்றார் எலைன். நர்ஸ் எழுதுவதை நிறுத்தினார்.

"பூந்தொட்டிக்கா இவ்ளோ ரத்தம்?"

"தொட்டி கொஞ்சம் பழசு சிஸ்டர்."

எலைனுக்கு நாற்பத்தொன்பது வயது. மைசூர் மைன்ஸ் பகுதியில், சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய, தகரக் கூரை போட்ட லைன் வீடு. கணவர் பர்னபாஸ் ஒசூரில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறார், பதினைந்து நாளுக்கு ஒரு முறை வருவார். எலைன் தினமும் விடியற்காலை மாரிகுப்பத்தில் ரயிலேறி மாலூரில் இறங்கி, அங்கே ஒரு ரிசார்ட்டில் அறைகளைச் சுத்தம் செய்கிறார்.

அந்த ரிசார்ட்டில் பெங்களூர்க்காரர்கள் வந்து கிராமத்தில் தூங்குவதுபோலத் தூங்கிவிட்டுப் போவார்கள். சுவருக்கு வேண்டுமென்றே பூச்சு கிடையாது. உடைந்த ஏணியைச் சாய்த்து அதில் துண்டு தொங்கவிட்டிருப்பார்கள். துருப்பிடித்த வாளிகளில் சிவப்புப் பூச்செடி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எலைன் அந்த வாளிகளில் ஆறை செங்கல்தூள் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தார். மேனேஜர் ஷில்பா பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஆன்ட்டி! ரஸ்ட்ட யாரு தேய்க்கச் சொன்னது? அந்த ரஸ்ட்டுக்குத்தான் கெஸ்ட் வர்றதே."

அன்று சாயங்காலம் மாரிகுப்பம் ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போது வழியெல்லாம் எலைனுக்கு ரிசார்ட்டாகவே தெரிந்தது. துருவுக்கு மைசூர் மைன்ஸில் பஞ்சமே இல்லை. தங்கச் சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மண்ணில் எங்கே கால் வைத்தாலும் ஏதாவது இரும்பு தட்டும். வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்காமல், வாசலில் கவிழ்ந்து கிடந்த தாது அள்ளும் இரும்புத்தொட்டியான டப்பைத் தனியாளாக நிமிர்த்தப் பார்த்து, கால் பெருவிரல் நகத்தைப் பெயர்த்துக்கொண்டார். தோட்டத்துக்காகச் சிந்திய முதல் ரத்தம் அது.

அடுத்த பதினான்கு மாதத்தில் வீடு மாறிவிட்டது. டப்பில் ஏரி வண்டல் நிரப்பிப் புதினாவும் சாமந்தியும். பாறை துளைக்கும் டிரில் கம்பிகளை நட்டு அவற்றில் அவரைக்கொடி. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கிய கேஜை இழுத்த இரும்புக் கயிற்றைக் கூரையிலிருந்து தரைக்குக் கட்டி அதில் சங்குப்பூ. வெடிமருந்து வந்த மரப்பெட்டிகளைச் சுவரில் அறைந்து, அவற்றில் எனாமல் தட்டுகள். மாசி, பங்குனியில் காற்றடித்தால் தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைத் தூள் பறந்து வந்து எல்லா இலையிலும் படியும். எலைன் ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைப்பார்.

"வூடா இது, ஸ்டோர் யார்டா?" என்பார் பர்னபாஸ். "நான் உள்ள வர்றதுக்கு கேட் பாஸ் வாங்கணுமா?"

"துரு இல்லாத ஆளுக்கு உள்ள எடமில்ல. நீங்க வரலாம்."

முன்சுவரில் பதினோரு ஹெல்மெட்டுகள் தொங்கின. சுரங்கத் தொழிலாளிகள் போட்டவை. மல்லாக்கத் திருப்பி, வாரில் கம்பி கோத்து, மண் நிரப்பி, செடி. பத்து ஹெல்மெட்டுகள் பழைய இரும்புக் கடையில் வாங்கியவை. பதினோராவதை எலைன் வாங்கவில்லை. அது தானாக வந்தது.

மூன்று வீடு தள்ளி இருக்கும் பார்வதம்மா அதை ஜனவரி மாதம் ஒரு காலையில் அரிசிப் பையில் போட்டு எடுத்து வந்தார். அறுபத்தாறு வயது. இடது மணிக்கட்டு கோணலாக இருக்கும்.

"எலைனு, ஹெல்மெட்டுல செடி வெக்கிறியாமே. இந்தா, இதுலயும் ஒண்ணு வெச்சிடு."

எலைன் பையைத் திறந்து பார்த்தார். கறுப்பு ஹெல்மெட். இடது பக்கம் முஷ்டி நுழையும் அளவுக்கு நசுங்கல். முன்னால் விளக்கு மாட்டும் இரும்புக் கொக்கி. வெள்ளைப் பெயின்டில் 2316.

"அக்கா, இது ராஜேந்திரண்ணோடது. பிரதாப்பு சும்மா உடுவானா?"

ராஜேந்திரன் பார்வதம்மாவின் கணவர். 1994-இல் பூமிக்கடியில் பாறை வெடித்துச் செத்தவர். அன்று லைன் வீடுகளில் பாத்திரங்கள் உருண்டன, பார்வதம்மா வீட்டில் அலமாரியே சாய்ந்தது. மூன்றாம் நாள் கேஜில் உடம்பு மேலே வந்தது. ஹெல்மெட் தனியாக வந்தது. அப்போது மகன் பிரதாப்புக்கு ஆறு வயது.

இப்போது முப்பத்தாறு. லோடு ஆட்டோ ஓட்டுகிறான். குடிக்காத நாளில் தெருவில் யார் வீட்டு சிலிண்டரையும் தூக்கி வைத்துக் கொடுப்பான். குடித்தால் கட்டிலுக்கடியிலிருந்து அப்பாவின் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொள்வான். "ஷிஃப்டுக்குப் போறேன், வழி உடு" என்று கத்திக்கொண்டு எதிரில் இருப்பவரைத் தலையால் முட்டுவான். 2018-இல் மனைவி சுனிதாவை முட்டினான். அவர் உடைந்த விலா எலும்போடு தாய்வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. அதன்பின் எதிரில் இருந்தது பார்வதம்மா மட்டும்தான். 2019-இல் முன்பற்கள் இரண்டு. 2021-இல் மணிக்கட்டு. போன தீபாவளிக்குப் புருவம்.

"காணாமப் போச்சின்னு சொல்லிக்கிறேன்" என்றார் பார்வதம்மா. "மண்ணு ரொப்பிட்டா தலையில போட முடியாதில்ல?"

"அதுக்குப் பேசாம சுரங்க ஷாஃப்டுக் குழியில தூக்கிப் போட்டுடுக்கா."

பார்வதம்மா அந்த எண்ணை விரலால் தடவினார். "அவரு மேல போட்டுக்கினு இருந்தது எலைனு. பூ பூத்தா பாத்துக்கினு போவேன். நான் குடுத்தேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாத. தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவான்."

"பைபிள் மேல சத்தியம்க்கா."

எலைன் ஆணியும் சுத்தியலும் எடுத்து ஹெல்மெட்டின் உச்சியில் நான்கு ஓட்டை போட்டார். தண்ணீர் வடிய வேண்டுமே. நசுங்கலை நிமிர்த்தவில்லை. வண்டல் நிரப்பி டேபிள் ரோஸ் நட்டு, எண் சுவரைப் பார்க்கும்படி வரிசையின் கடைசியில் மாட்டினார். தினமும் பத்து மணிக்குப் பூ விரியும். பார்வதம்மா அந்த நேரத்துக்குத்தான் தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கம் போவார். இரண்டு மாதம் அவர் உடம்பில் புதுக் காயம் எதுவும் இல்லை. பிரதாப் ஹெல்மெட்டைத் தேடி வீட்டைப் புரட்டினான், நாற்காலி ஒன்றை உடைத்தான். வெறும் தலையால் யாரையும் முட்டவில்லை.

மார்ச் 9, சனிக்கிழமை ஷில்பா வந்தார். ரிசார்ட்டில் புதிதாகப் பன்னிரண்டு காட்டேஜ்கள் கட்டுகிறார்கள். எலைனின் வீட்டைப் பற்றி மற்ற வேலைக்காரர்கள் சொல்லக் கேட்டு, உள்ளே வெளியே எப்படி அலங்கரிக்கலாம் என்று யோசனை தேடி வந்திருந்தார். டப்பைப் பார்த்து வாயைப் பிளந்தார். கம்பியில் ஏறிய அவரையைத் தடவினார். போட்டோ எடுத்துத் தள்ளினார்.

"ஆன்ட்டி, நீங்க இனிமே ரூம் கிளீன் பண்ண வேண்டாம். பன்னெண்டு காட்டேஜும் நீங்களே பண்ணுங்க. இந்த ஹெல்மெட் எல்லாம் எனக்கு வேணும்."

"பத்து எடுத்துக்கம்மா. கடைசி அது மட்டும் கெடையாது."

எலைன் டீ போட உள்ளே போனார். கெட்டில் கொதிக்க ஆன நேரத்தில், ஷில்பா கடைசி ஹெல்மெட்டின் கம்பியைத் திருகி எண்ணை வெளிப்பக்கம் திருப்பிவிட்டார். நசுங்கலும் நம்பரும் படத்தில் அத்தனை அழகாக விழுந்தன. அன்று மாலையே இன்ஸ்டாகிராமில் போட்டார்.

ஞாயிறு காலை டீக்கடையில் யாரோ பிரதாப்பிடம் போனை நீட்டினார்கள். "உங்க லைனுதான்டா இது. பேமஸ் ஆயிட்ச்சி."

எலைன் சர்ச்சிலிருந்து வந்து புடவைகூட மாற்றவில்லை. பர்னபாஸ் மட்டன் வாங்கப் போயிருந்தார். பிரதாப் கையில் கடப்பாரையோடு வாசலில் நின்றான். குடித்திருக்கவில்லை. எலைனுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"ஆன்ட்டி, எங்கப்பன் மண்டையில செடி நட்டுக்கினு கீறியா?"

"பிரதாப்பு, ஒக்காரு. பேசலாம்."

"எப்டி வந்திச்சி இங்க? யார் குடுத்தா?"

அம்மா கொடுத்தார் என்று சொன்னால் போதும். கடப்பாரை அந்த வாசலை விட்டு மூன்று வீடு தள்ளிப் போய்விடும். அந்த வீட்டின் கதவு சாத்தியிருந்தது எலைனுக்குத் தெரிந்தது.

"ரோட்ல கெடந்துச்சி."

"திருட்டு நாயே."

முதல் அடி ஹெல்மெட் வரிசையில் விழுந்தது. மூன்று ஹெல்மெட்டுகள் பிளந்தன. இரண்டாவது அடியில் மரப்பெட்டி கழன்று எனாமல் தட்டுகள் தெருவெல்லாம் சிதறின. சங்குப்பூ ஏறிய இரும்புக் கயிறு கட்டு கழன்று சுழன்று வந்து எலைனின் தோளில் வரிபோட்டது. அவன் டப்பைக் கடப்பாரையால் நெம்பிக் கவிழ்த்தான், புதினாவை மிதித்தான், ஒவ்வொரு அவரைக் கம்பியாகப் பிடுங்கி எறிந்தான். எலைன் அலறவில்லை. எறிந்த கம்பிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

பிரதாப் கடப்பாரையைப் போட்டுவிட்டுக் கடைசி ஹெல்மெட்டைக் கழற்றினான். டேபிள் ரோஸ் முழுக்கப் பூத்திருந்தது. அதைக் கொத்தாகப் பிடுங்கி எறிந்துவிட்டு, பழைய வழக்கப்படி இரண்டு கையாலும் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்தான். உள்ளே இருந்த ஈர வண்டல் முழுவதும் அவன் கண்ணிலும் மூக்கிலும் வாயிலும் சரிந்தது. குருடனாக நின்றான்.

எலைன் டிரில் கம்பியை இரண்டு கையாலும் ஓங்கி இறக்கினார். தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் தெருமுனை வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். அவன் பின்னால் சரிந்து, கவிழ்ந்த டப்பின் துருப்பிடித்த விளிம்பில் முதுகு கிழிய விழுந்தான். விழுந்தவன் ஹெல்மெட்டை வாரோடு பிடித்துச் சுழற்றினான். விளக்குக் கொக்கி, மறுபடி அடிக்கக் குனிந்த எலைனின் நெற்றியில் இறங்கி உச்சந்தலை வரை இழுத்தது. எலைன் இன்னொரு முறை அடித்தார். அவன் இன்னொரு முறை சுழற்றினான். மட்டன் பையோடு வந்த பர்னபாஸ், கையில் வேறெதுவும் இல்லாததால், அந்தப் பையாலேயே அவன் முகத்தில் அறைந்தார். அதற்குப் பிறகுதான் அக்கம்பக்கத்து ஆண்கள் வந்து பிடித்தார்கள்.

தையல் முடிந்து எல்லோரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு பிரதாப் திருட்டுப் புகார் கொடுத்தான். வீடு புகுந்து அப்பாவின் ஹெல்மெட்டை எடுத்ததாக. மண்ணும் ரத்தமும் அப்பிய ஹெல்மெட் மேஜைமேல் இருந்தது.

"யார் குடுத்தாங்க, சொல்லும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "சொன்னா கேஸே வேற."

"ரோட்ல கெடந்துச்சி சார்."

"ஏமே" என்றார் பர்னபாஸ், "ரோட்ல கெடந்ததுக்கா பதினேழு தையல் வாங்கிக்குவ?"

வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பார்வதம்மா எழுந்து உள்ளே வந்தார்.

"நான்தான் குடுத்தேன்."

"யம்மா, நீ சும்மா இரு."

பார்வதம்மா சும்மா இருக்கவில்லை. கோணல் மணிக்கட்டை மேஜைமேல் வைத்தார். பிறகு ஹெல்மெட்டைத் தூக்கி, அதன் கொக்கியைத் தன் புருவத் தழும்பில் பொருத்திக் காட்டினார். நுனியும் தழும்பும் சரியாகப் பொருந்தின. எழுதிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் பேனாவை நிறுத்தினார்.

"அது அப்பாதும்மா" என்றான் பிரதாப்.

"ஆமா. அந்தாளு என்மேல கை வெச்சதே இல்லடா."

இன்ஸ்பெக்டர் புதுத் தாள் எடுத்தார். பார்வதம்மா 2019-இலிருந்து ஆரம்பித்தார். எழுதி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. பிரதாப்பை அன்றே ரிமாண்டுக்கு அனுப்பினார்கள். எலும்பை முறித்ததற்காக எலைன்மேலும் ஒரு வழக்கு இருக்கிறது.

புதன்கிழமை ஷில்பா போன் செய்தார். முதலில் அழுதார், மன்னிப்புக் கேட்டார். கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஆன்ட்டி, ஒடஞ்ச ஹெல்மெட்டும் பரவால்ல. அந்த லுக் இன்னும் நல்லா இருக்கும்."

"ரத்தமும் காஞ்சி துரு மாதிரியே கீது. தேய்க்காம அனுப்பட்டுமா?"

"வேண்டாம் ஆன்ட்டி" என்றார் ஷில்பா அவசரமாக.

எலைன் காட்டேஜ் வேலைக்கு ஒப்புக்கொண்டார். ஹெல்மெட் கிடையாது என்ற நிபந்தனையோடு. டப்பை நான்கு பேர் சேர்ந்து நிமிர்த்தி, புதினாவைத் திரும்ப நட்டார்கள். தெருவில் ஒடிந்து கிடந்த டேபிள் ரோஸ் தண்டுகளைப் பார்வதம்மா பொறுக்கி டப்பின் ஓரத்தில் செருகினார். எல்லாம் பிடித்துக்கொண்டன. அவர் இப்போது எலைன் வீட்டு முன்னறையில் படுத்துக்கொள்கிறார். பர்னபாஸ் லீவை நீட்டித்துக்கொண்டு கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட்டிருக்கிறார், ஒரு டிரில் கம்பியை அறுத்து அவரே அடித்தது. 2316 ஸ்டேஷனில் சாட்சிப் பொருளாக இருக்கிறது, உள்ளே கொஞ்சம் மண்ணோடு.

பிரதாப்புக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. மார்ச் 28, வியாழக்கிழமை அவன் வீட்டுக்கு வருகிறான்.