வால்டோர்ஃபில் சாப்பிட்ட கறுப்புக் கோவா

பிரவீன், உங்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல என் கணவரிடம் சொன்னீர்கள். அவர் நம்பிச் சாப்பிட்டார். வாசிப்பவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால், நடந்ததைப் புறப்பட்ட நாளிலிருந்து எழுதுகிறேன்.

வியாழன் காலை 7.40க்கு நானும் என் கணவர் செபஸ்தியானும், ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஹம் நகர நிலையத்தில் ரயில் ஏறினோம். விரைவு ரயிலுக்குக் காசு கொட்ட மனமில்லை. பிராந்திய ரயில்களில் மாறி மாறிப் போனோம். கோப்லென்ஸில் ஒரு ரயிலைத் தவறவிட்டு நாற்பது நிமிடம் குளிரில் நின்றோம். ரைன் நதி சாம்பல் நிறத்தில் கிடந்தது. வீஸ்லோக்-வால்டோர்ஃப் நிலையத்தில் இறங்கியபோது மாலை நான்கு மணி. அங்கிருந்து மேட்டுக் கிராமத்துப் பண்ணை வீடு பன்னிரண்டு கிலோமீட்டர். டாக்ஸிக்கு 34 யூரோ.

அந்த வீட்டில் நான்கு நாள் சமையல் முகாம். இத்தாலியின் டஸ்கனிப் பகுதிக் குளிர்காலச் சாப்பாடு. தங்குமிடமும் சேர்த்து ஆளுக்கு 240 யூரோ. நடத்தியவர் பிரவீன். கோயம்புத்தூர்க்காரர், வால்டோர்ஃபில் மென்பொருள் வேலை, மிச்ச நேரத்தில் சமையல் வீடியோ. என் கணவர் அவற்றில் ஒன்றையும் விடமாட்டார். போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர்தான்.

என் கணவரின் இதயத்தில் இருப்பது உலோக வால்வு. அதில் ரத்தம் உறைந்து கட்டியாகாமல் இருக்க நாள்தோறும் மாத்திரை எடுக்கிறார். திடீரென்று கீரை கூடினால் மாத்திரையின் வேலை குறையும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். விரலில் குத்தி அளவு பார்க்கும் சிறு கருவி எங்கள் கைப்பையில் எப்போதும் இருக்கும். அளவு இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையில் நிற்கவேண்டும்; இறங்கினால் ரத்தம் கட்டியாகும். புறப்பட்ட அன்று காலை 2.9.

முதல் மாலையே மேசையில் நான்கு பெட்டி இலை வைத்திருந்தார்கள். நீண்ட, கருத்த, முதலைத் தோல்போலப் புடைத்த இலை. இத்தாலியில் காவோலோ நேரோ என்பார்களாம். கறுப்புக் கோவா. பனி பட்டால் இனிக்குமாம். நடு நரம்பை ஒரே இழுப்பில் உருவி எறியவேண்டும். எல்லோரும் உருவிக்கொண்டு நின்றபோது என் கணவர் கேட்டார்.

"தம்பி, நான் வால்வு போட்ட ஆள். ரத்தம் இளக்கிற குளிசை எடுக்கிறன். கீரை கூடச் சாப்பிட ஏலாது. இது கீரையோ?"

"கீரையே இல்ல அங்கிள். கோஸ் ஃபேமிலி. முட்டைக்கோஸ் சாப்பிடுறீங்கல்ல?"

"ஓம், கோவா சாப்பிடுறனான்."

"அதேதான். கலர் மட்டும் டிஃபரென்ட். டேப்லெட்டை விட இது பெட்டர். தைரியமா சாப்பிடுங்க!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கமரா ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் அடுப்படியில் கோவா வேறு, கீரை வேறு. வெள்ளைக் கோவாவை அவர் வருடக்கணக்காகச் சாப்பிடுகிறார், ஒன்றும் ஆனதில்லை. அதனால் நானும் நம்பினேன்.

சாப்பாடு நன்றாக இருந்தது. அதில் பொய் சொல்லமாட்டேன். சூப்பில் வெள்ளை அவரை, காரட், செலரி, குவியல் குவியலாகக் கறுப்புக் கோவா, மேலே காய்ந்த ரொட்டி, எங்கள் பேச்சில் பாண். டஸ்கனிக்காரர்கள் பாணில் உப்பே போடுவதில்லையாம். முதல்நாள் சூப்பையே மறுநாள் திரும்பக் காய்ச்சி, தொண்டை காறும் புது ஒலிவ் எண்ணெய் ஊற்றித் தருவார்கள். காலையில் பூண்டு தேய்த்த பாண்மேல் அதே இலை. மத்தியானம் அவரையோடு அதே இலை. வெள்ளியும் சனியும் அப்படியே போயின. என் கணவர் இரண்டாம் அகப்பைக்கும் தட்டை நீட்டினார்.

ஞாயிறு காலை விரலில் குத்தினார். 1.8. மற்ற விரலிலும் குத்தினார். 1.8.

"மிஷின் பிழையாக்கும்" என்றார்.

நான் கீழே ஓடினேன். பிரவீன் அடுப்பருகே விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார். காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன்.

"ஆன்ட்டி, ஒரே ஒரு ஷாட் பாக்கி. டென் மினிட்ஸ்."

"அந்த மனுசன்ர மூளைக்குக் கட்டி போனா உம்மட பத்து நிமிசம் திருப்பித் தருமோ?"

நான் டாக்ஸியை அழைத்தேன்.

அவசரப் பிரிவில் ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி போட்டார்கள். மருத்துவர் என் தொலைபேசியில் இலையின் படத்தைப் பார்த்தார். கோவா இனம்தான், ஆனால் கரும்பச்சை இலையென்றால் கீரையைப் போலவே வேலை செய்யும், வெள்ளைக் கோவாவோடு சேர்த்துப் பார்க்கக்கூடாது என்றார். இரவு அங்கேயே வைத்திருந்துவிட்டு, வீட்டில் போட ஊசிகளும் தந்து அனுப்பினார்கள். வாய் கோணினாலோ கை விழுந்தாலோ உடனே அழைக்கும்படி சொன்னார்கள்.

திங்கள் முழுக்க ரயிலில் நான் வெளியே பார்க்கவில்லை. அவர் வாயைத்தான் பார்த்தேன்.

"சிரியுங்கோ."

"இப்பதானே சிரிச்சனான்."

"பல்லைக் காட்டுங்கோ எண்டுறன்!"

"கலியாணம் கட்டின நாளிலயிருந்து வாயைப் பொத்து எண்டனீர். இண்டைக்கு மட்டும் திறக்கட்டாம்."

எதிரில் இருந்த ஜெர்மன் பெண் எங்களைப் பார்த்துப் புன்னகைத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மைன்ஸ் நிலையத்திலும் கெல்ன் நிலையத்திலும் அவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். ஹம்மில் தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அளவு சரியான இடத்துக்கு வர ஒரு கிழமை எடுத்தது.

ஹம்மில் எங்கள் தெருக்கோடிக் கடையிலும் அதே இலை கட்டு மூன்று யூரோவுக்குக் கிடக்கிறது. அதில் எனக்குக் கோபமில்லை. அளவோடு சாப்பிடுகிறவருக்கு நல்ல இலைதான்.

கோபம் பிறகு வந்த வீடியோமேல். அதில் என் கணவர் தட்டோடு சிரிக்கிறார். கீழே "டேப்லெட்டை விட பெட்டர்" என்று எழுதியிருக்கிறது. அவர் கேட்ட கேள்வியை வெட்டிவிட்டார்கள். நடந்ததைக் கருத்துப் பகுதியில் எழுதினேன். அடுத்த நாள் அதையும் காணவில்லை. அடுத்த முகாமுக்கு ஆள் சேர்க்கிறார்கள். வால்வு போட்ட இன்னொருவர் அந்தத் தட்டைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டியிருக்கலாம்.

பிரவீன், எனக்குத் தனியாக "சாரி ஆன்ட்டி" என்று அனுப்பினீர்கள். அது எனக்கு வேண்டாம். வெட்டிய துண்டை அதே பக்கத்தில் போடுங்கள். அவர் கேட்டாரா இல்லையா? கீரையே இல்லை என்று எதை வைத்துச் சொன்னீர்கள்? எல்லோரும் பார்க்கிற இடத்தில், அடுத்த முகாமுக்கு முன்னால், உங்கள் வாயால் பதில் சொல்லுங்கள்.