நான் அடிக்காமல் விட்ட பக்கம்

சரக்கு அனுப்பும் பழைய படிவங்களின் பின்பக்கத்தில், பச்சை மையில், கோணல்மாணலாக எழுதப்பட்ட நூற்றுச் சொச்சம் தாள்கள். சணலால் கட்டி என் மேசையில் வைத்தார் டெஸ்பாட்ச் அண்ணாச்சி. "அச்சாபீஸ்காரன் டைப் அடிச்சுத் தரச் சொல்லுதான். கொஞ்சம் பாரும் வே" என்றார்.

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் ஒரு நூல் மில் அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். அவர் சரக்கு அனுப்பும் பிரிவில் குமாஸ்தா. பனவடலிசத்திரத்திலிருந்து சைக்கிளில் வருவார். ஒன்பது வருடமாக விடிகாலையில் எழுந்து கதை எழுதி, பத்திரிகைகளுக்கு அனுப்பி, போன வேகத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தவன் நான். அவரோ மத்தியானச் சாப்பாட்டு வேளையில், தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே அடுத்த வரியை நினைத்துச் சிரிப்பவர். கம்பெனி வாழ்க்கையைக் கிண்டல் செய்து அவர் எழுதிய துணுக்குகளை ஒரு வாரப் பத்திரிகை கேட்டு வாங்கிப் போட்டது. இப்போது புத்தகமே வரப்போகிறது.

அடிக்க அடிக்க எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதுதான் தாங்கவில்லை. எல்லாவற்றிலும் உச்சம் ஒரு நாற்காலி. மேனேஜர் நாலு நாள் லீவில் போகிறார். பியூன் பழக்கதோஷத்தில் காலி நாற்காலிக்கு வணக்கம் வைக்கிறான், டீ வைக்கிறான். நாற்காலி எதையும் மறுப்பதில்லை என்பதால் தேங்கிய கோப்புகளெல்லாம் நகர்ந்துவிடுகின்றன. ஐந்தாம் நாள் ஊழியர்கள் நாற்காலிக்குப் பதவி உயர்வு கேட்டு மனுப் போடுகிறார்கள். ஜென்மத்துக்கும் என்னால் இப்படி ஒரு பக்கம் எழுத முடியாது என்று தெரிந்தது. அதை அடிக்காமல், அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

அந்தப் பக்கம் இல்லாமலே புத்தகம் வந்தது. அண்ணாச்சி ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மேனேஜர் அதைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி எங்கள் அறைக்குள் வந்தார்.

"முழுக்கப் படிச்சிட்டேன். எல்லாம் மெட்ராஸ் ஹெட் ஆபீஸ் கூத்துதான். என்னைப் பத்தி ஒரு வரி இருந்திருந்தா இன்னைக்கே உம்ம சீட்டைக் கிழிச்சிருப்பேன்" என்று அண்ணாச்சியிடம் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

அண்ணாச்சி நேராக என் மேசைக்கு வந்தார். வேர்த்திருந்தது.

"நாற்காலியக் காணோம்னு எனக்கு மனசு கெடந்து அடிச்சுது வே. உம்மகிட்ட எப்படிக் கேக்கதுன்னும் தெரியல. இப்பல்லா புரியுது! மூணு பொட்டப்புள்ளய வச்சிருக்கேன். என் வேலையக் காப்பாத்திட்டீரு."

உண்மை வாய் வரை வந்தது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் இரண்டாவது புத்தகத்துக்கான தாள்கட்டைக் கொண்டுவந்தார். "வேண்டாததை எடுத்துரும். உம்ம கண்ணுக்குத் தப்பாது." நான் ஒரு காற்புள்ளியைக்கூட விடாமல் அடித்துக் கொடுத்தேன். அச்சாகி வந்தபோது, எனக்குக் காட்டாமல் அவரே எழுதிச் சேர்த்த முன்னுரை ஒன்று இருந்தது. எதை எழுதக்கூடாது என்று தெரிந்த நண்பர் என்று சொல்லி, என் பெயரை முழுதாகப் போட்டு நன்றி சொல்லியிருந்தார். என் பெயர் முதன்முதலாக அச்சில் வந்தது அங்கேதான். இன்றுவரை வேறெங்கும் வரவில்லை.

அதை வாசித்தபோதும் எனக்குப் பொறாமை அடங்கவில்லை. முன்னுரையையும் அவர் நன்றாக எழுதியிருந்தார்.