கோச்சை ஏசிய ஞாயிறு

சென்ற பனிக்காலத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல், தொலைக்காட்சியில் தெரிந்த ஓர் அமெரிக்கக் கால்பந்துக் கோச்சை, அதாவது பயிற்சியாளரை, வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருந்தன. நான் ஆதரிக்கும் அணி மூன்று புள்ளி பின்னால். நான்காவது, கடைசி முயற்சி. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி, சமநிலை. அவ்வளவு கிட்டத்திலிருந்து தவறுவது அரிது. பயிற்சியாளரோ வெற்றிதான் வேண்டுமென்று, ஆறு புள்ளி தரும் எல்லைக் கோட்டைத் தாண்டப் பந்தோடு ஓடச் சொன்னார். கோட்டுக்கு ஒரு கை தூரத்தில் எதிரணியினர் மடக்கிவிட்டார்கள்.

"கையில கிடக்கிறதை விட்டிட்டுப் பாயிறான் பார், விசரன்! பெண்சாதி பிள்ளையை நினைச்சானோ?"

பயிற்சியாளரின் பெண்சாதி பிள்ளையைப் பற்றி எனக்கென்ன தெரியும்? பக்கத்தில் இருந்தவர் என் மருமகன். சென்ட் லோரன்டில் மருந்துத் தொழிற்சாலையின் நிரந்தர வேலையை விட்டு, வில்லரேயில் சாப்பாட்டுக் கடை திறந்திருந்தார். கடை இன்னும் காலூன்றவில்லை. எங்கள் வீடுகளில் சாடை பேசுவது இப்படித்தான்: ஒருவரை ஏசி மற்றவரைக் குத்துவது. மகள் தலைகுனிந்தாள். அவர் தேநீரை வைத்துவிட்டு எழும்பிப் போனார். அதன்பின் ஞாயிறுகளில் மகளும் வரவில்லை.

டோர்வலில் விமானச் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கியே ஓய்வு பெற்றவன் நான். படிப்புக்கேற்ற வேலையைத் தேடிப் பார்க்கும் துணிவு எனக்கு வரவேயில்லை. அவருக்கு வந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. அதுதான் உண்மை.

"நீங்கள் வருத்தப்படுறியள் எண்டு மகளிட்டச் சொல்லிவிடுறன். அவள் பக்குவமாச் சொல்லுவாள்," என்றாள் மனைவி.

"வேண்டாம். குத்தினது நான். நானே போறன்."

கடையில் அவர் கொத்துரொட்டி போட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, அண்டைக்கு நான் ஏசினது கோச்சை இல்லை. உம்மைத்தான். பிழை என்னில."

"தெரியும் மாமா. உங்கட மகளுக்கும் தெரியும். ரீவியில நிண்ட அந்த மனுசனுக்கு மட்டும்தான் தெரியாது."

சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன்.

"சனம் நிக்குது. பிறகு கதைப்பம்," என்று அடுப்புப் பக்கம் திரும்பினார்.

வேறொரு நாளென்றால், அந்தப் பதிலோடு வீட்டுக்குப் போயிருப்பேன். அன்று மூலைக் கதிரையில் உட்கார்ந்தேன். கடைசி ஆளும் போனபின், கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து அமர்ந்தார்.

"அந்த வேலையை ஏன் விட்டனீர், தம்பி?"

கடை திறந்த நாளிலிருந்து இதை நான் நேராகக் கேட்டதேயில்லை.

"கேக்கிறியளோ, ஏசுறியளோ?"

"கேக்கிறன்."

சொல்லத் தொடங்கினார். நடுவில் ஏதோ சொல்ல என் வாய் உன்னியது. மூடிக்கொண்டேன்.