லோக்கல் ரோட்டிலேயே கலிஃபோர்னியா

இரண்டாயிரமாவது ஆண்டு ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு நியூஜெர்சி மான்மவுத் ஜங்ஷனிலிருந்து கிளம்பினேன். எட்டு வருடப் பழைய நீலக் கார். பின் சீட்டில் என் மகள் வர்ஷா, ஏழு வயது. டிக்கியில் இரண்டு பெட்டி, குக்கர், மிக்ஸி, ஒரு டப்பா புளியோதரை. போக வேண்டிய இடம் கலிஃபோர்னியாவில் பிளசன்டன். ஒன்பது நாள் கழித்து, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அங்கே ஒரு கம்பெனியில் நான் வேலைக்குச் சேர வேண்டும். தூரம் மூவாயிரம் மைலுக்கு மேல்.

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். அமெரிக்கா வந்த ஒன்பது வருடத்தில் நான் ஒரு தடவைகூட ஃப்ரீவேயில் கார் ஓட்டியதில்லை. சிக்னலே இல்லாமல் ஆளாளுக்கு எழுபது மைல் வேகத்தில் பறக்கிற அந்தச் சாலையைப் பார்த்தாலே எனக்குப் பயம். சிரிக்காதீர்கள், எங்கள் வட்டத்தில் பாதிப் பெண்கள் அப்படித்தான். லைசென்ஸ் வாங்குவோம். ஸ்கூல், இந்தியன் கடை, கோயில், பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனில் வீட்டுக்காரரை இறக்கிவிடுவது, இதோடு சரி. அதைத் தாண்டிப் போவதென்றால் சாவி கைமாறிவிடும். "நான் லோக்கல் மட்டும்தாம்ப்பா" என்று, ஆளுக்கொரு பண்டம் சமைத்துக்கொண்டு போகிற பாட்லக் விருந்துகளில் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வோம்.

அந்த மார்ச்சில் எனக்கும் ரகுவுக்கும் விவாகரத்து ஆனது. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அடித்ததில்லை, குடித்ததில்லை. ஒன்பது வருடத்தில் எதையும் என்னிடம் கேட்டதுமில்லை. எந்த வீடு, எந்த சோபா, எத்தனை மணிக்கு டிவியை அணைப்பது, எல்லாம் எனக்குச் சொல்லப்படும், அவ்வளவுதான். நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸ் முடித்து, என் பெயரிலேயே விசாவும் வேலையும் வாங்கிவிட்டேன் என்றதும் சிரித்தார். "டர்ன்பைக் ஃப்ரீவேல ஏறவே பயப்படுவே. நீ கலிஃபோர்னியா போறியா? பாதி வழியிலேர்ந்து எனக்குத்தான் போன் பண்ணுவே, பாரு." விவாகரத்துக் காகிதத்தில் ஒரு வரி இருந்தது. நான் வேலையில் சேர்ந்தால் வர்ஷா என்னோடு இருப்பாள். சேராவிட்டால் அவரோடு.

விமானத்தில் போயிருக்கலாமே என்பீர்கள். போயிருக்கலாம். அந்தச் சிரிப்பு என்னைப் போகவிடவில்லை.

அதற்காக ஃப்ரீவே பயம் போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. அதனால் நான் ஒரு மகத்தான திட்டம் போட்டேன். இரண்டு நாள் சாயங்காலம் மேப்பை விரித்துவைத்துக்கொண்டு, ஃப்ரீவேயையே தொடாமல், சிக்னல் உள்ள சாலைகளாகப் பார்த்து மஞ்சள் மார்க்கரால் கோடு இழுத்தேன். நியூஜெர்சியிலிருந்து கலிஃபோர்னியா வரை, முழுக்க லோக்கல் ரோட்டிலேயே!

முதல் நாள், ரூட் ஒன்று. ட்ரெண்டன் வருவதற்குள் வர்ஷா சிக்னல் எண்ணுவதை விட்டுவிட்டாள். அங்கேதான் அந்தச் சாலையின் சுபாவமும் தெரிந்தது. அது நல்லபடியாக வந்துகொண்டே இருந்து, திடீரென்று தானே ஃப்ரீவேயாக மாறிவிடும். ஒவ்வொரு தடவையும் நான் பதறிப்போய் அதற்கு முந்தின எக்ஸிட்டில் இறங்கி, ஊருக்குள் சுற்றி, நாலு பேரிடம் வழி கேட்டு, மறுபடி அதைப் பிடிப்பேன். பிலடெல்ஃபியாவில் மட்டும் இரண்டே கால் மணி நேரம் சுற்றினேன். ஒரே தேவாலயத்தை மூன்று தடவை கடந்ததாக வர்ஷா கணக்குச் சொன்னாள்.

மாலை மூன்று ஐம்பதுக்கு மேரிலாந்தில் பெல் ஏர் என்ற ஊரில் ஒரு சின்ன மோட்டலில் நிறுத்தினேன். ஒன்பது மணி நேரத்தில் 148 மைல். அறை வாடகை முப்பத்தொன்பது டாலர். கவுன்ட்டரில் ஐம்பது வயது மதிக்கத்தக்க குஜராத்திப் பெண்மணி, பெயர் ஜோத்ஸ்னா பென். வழி கேட்கலாம் என்று மேப்பைக் காட்டினேன். மஞ்சள் கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனவர் நடுவில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். அவர் இந்தியும் இங்கிலீஷுமாகப் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"இந்த வழியில யாரும்மா போகச் சொன்னது?"

"நானேதான் போட்டேன்."

"எப்ப போய்ச் சேரணும்?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை."

"அடுத்த ஞாயித்துக்கிழமையா? எந்த மாசத்து ஞாயித்துக்கிழமை?"

அறைக்குப் போய்க் கணக்குப் போட்டேன். இதே வேகத்தில் போனால் இருபத்திரண்டு நாள். வேலையும் போகும், வர்ஷாவும் போவாள். பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பயத்தில் அழுததைவிட, ரகு சொன்னது சரியாகிவிடும் போலிருக்கிறதே என்ற கோபத்தில் அழுததுதான் அதிகம். முகம் கழுவிக்கொண்டு நேரே கவுன்ட்டருக்குப் போய், "எனக்கு ஃப்ரீவே ஓட்டத் தெரியாது" என்று சொன்னேன். வெளியாள் ஒருவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கொஞ்சமும் அதிசயப்படவில்லை. "காலையில அஞ்சே முக்காலுக்கு ரெடியா இரு. ஞாயித்துக்கிழமை லாரி கம்மி" என்றார்.

சொன்னபடி ஐந்தே முக்காலுக்கு ஸ்வெட்டரும் செருப்புமாக வந்து முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். ஐ-95-இல் ஏறும் சரிவுப் பாதையில் போனேன். கடைசி வரை போய், பக்கத்தில் ஒரு லாரி வருவதைப் பார்த்ததும், எல்லா லோக்கல் டிரைவர்களும் செய்கிற காரியத்தைச் செய்தேன். பிரேக் போட்டு நின்றுவிட்டேன்.

"நிக்காதே! பின்னாடி வர்றவன் நம்மளை நசுக்கிடுவான்!" என்று கத்தினார் ஜோத்ஸ்னா பென். "லாரியப் பாக்காதே. ரெண்டு லாரிக்கும் நடுவுல இருக்கிற இடத்தப் பாரு. அது உன் இடம். அங்க போ."

போனேன். எப்படிப் போனேன் என்று இன்றுவரை தெரியாது. வாயில் ஏதோ முருகா முருகா என்று வந்தது. திடீரென்று இரைச்சல் எல்லாம் ஒரே சீராகிவிட்டது. எல்லா வண்டியும் என் வேகத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் இருந்து வர்ஷா, "அம்மா, ஆர் வீ ஆன் இட்?" என்றாள். "ஆமாண்டி, ஏறிட்டோம்டி!" என்று நான் போட்ட கூச்சலில் ஜோத்ஸ்னா பென் காதைப் பொத்திக்கொண்டார்.

அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, திரும்பி, மறுபடி ஏறினோம். நாலு தடவை. ஐந்தாவது தடவைக்கு, "போதும், எனக்கு ரூம் சுத்தம் பண்ணணும்" என்று மோட்டல் வாசலில் இறங்கிக்கொண்டு, அலுமினியத் தாளில் சுற்றிய தெப்லா ரொட்டியை வர்ஷா கையில் திணித்தார். மஞ்சள் கோடு போட்ட மேப்பை அவர்கள் குப்பைத் தொட்டியிலேயே போட்டேன். அவர் கொடுத்த மேப்பில் மொத்தமே ஐந்தாறு ஃப்ரீவே எண்கள்தான். 95, 70, 81, 40, 30.

அப்புறம் நாலு நாள் ஓட்டினேன், ஓட்டினேன், ஓட்டிக்கொண்டே இருந்தேன். வர்ஜீனியாவில் மலைச்சரிவு முழுக்க லாரிகள். முதல் நாள் தோள் இரண்டும் மரத்துப்போயிற்று. டென்னஸியில் கொட்டிய மழையில் பாலத்தடியில் ஒதுங்கினேன். அங்கே பெட்ரோல் காலன் ஒரு டாலர் நாற்பத்தேழு காசு. ஆர்கன்ஸாவில் ஒரு ஓய்விடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து வர்ஷாவுக்கு ஊறுகாயும் பிரெட்டும் கொடுத்தபோது ஒன்று உறைத்தது. எங்கே நிறுத்துவது, எப்போது காபி, எந்த மோட்டல், ஜன்னலைத் திறப்பதா மூடுவதா, மூன்று நாளாக எல்லாம் நான் சொன்னதுதான். ஒருவரும் உச்சுக்கொட்டவில்லை. எனக்கு இவ்வளவு விருப்பங்கள் இருக்கின்றன என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. காபி ஆறிப்போனால் எனக்குப் பிடிக்காது. ஒன்பது வருடமாக ஆறின காபி குடித்திருக்கிறேன், கண்றாவி.

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு டெக்சஸில் பிளேனோ. என் காலேஜ் சிநேகிதியின் அக்கா ஜெயந்தி வீட்டில் அன்று தங்கல். கோயம்புத்தூர்க்காரர், வந்து பதினாலு வருடம். விவாகரத்து விஷயம் போனிலேயே தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதற்கே அவரைக் கும்பிடலாம். அரிசிம்பருப்புச் சாதம் பண்ணியிருந்தார், மேலே நெய் மிதக்க. சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் துலக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"ஏங்கண்ணு, நெசமாவே முழுக்க நீயேதான் ஓட்டிட்டு வந்தியா?"

"ஆமாங்கக்கா."

"நான் டவுன்டவுன் காலேஜ்ல அக்கவுன்டிங் கிளாஸ் சேந்தேன். ஃப்ரீவேல போனா இருவது நிமிசம். லோக்கல்ல ஒரு மணி நேரம் ஆவுது. நாலு வாரம் போயிட்டு நிறுத்திப்போட்டேன். அவரு கேட்டதுக்கு, கிளாஸ் போர் அடிக்குதுன்னு சொல்லிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் அவர் வீட்டுக்காரர் ஆபீஸ் போனதும், "வாங்கக்கா, சாவி எடுங்க" என்றேன். வேண்டாம் கண்ணு, இன்னொரு நாள் ஆகட்டும், அடுப்புல பால் இருக்குது என்று ஆயிரம் சாக்கு. அடுப்பை அணைத்துவிட்டு இழுத்துக்கொண்டு போனேன். சரிவுப் பாதையின் முடிவில் அவரும் கச்சிதமாகப் பிரேக் போட்டு நின்றார். நாலு நாளைக்கு முன்புதான் பாடம் படித்தவள், ஏதோ பிறந்ததிலிருந்தே ஃப்ரீவே ஓட்டினவள் மாதிரி கத்தினேன். "நிக்காதீங்கக்கா! எடத்தப் பாருங்க, எடத்த!" ஏறிவிட்டார். டவுன்டவுன் காலேஜ் வாசல் வரை போனோம், பத்தொன்பது நிமிடம். அங்கே காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வர. நானும்தான்.

அவர் வீட்டிலிருந்து கிளம்ப மத்தியானம் ஆகிவிட்டது. இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு அமரில்லோ போய்ச் சேர்ந்து, மோட்டலிலிருந்து போன் கார்டு போட்டு கோபிச்செட்டிபாளையத்துக்குப் பேசினேன். அங்கே விடிகாலை. அம்மாவிடம் விவரம் சொன்னேன். மார்ச்சிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை. நான் கூப்பிடும்போதெல்லாம் அவர் வாசலுக்குப் போய்விடுவார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். வாழ்நாள் முழுக்க லாரி ஆபீஸ் நடத்தியவர். அம்மா பேசிக்கொண்டே இருக்கையில் ரிசீவர் கை மாறுகிற சத்தம் கேட்டது.

"எத்தன மைலு ஓட்டியிருக்கற?"

"ஆயிரத்தி எண்ணூறுக்கு மேல இருக்குமுங்கப்பா."

கார்டில் காசு தீர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"டயர்ல காத்துப் பாத்தியா கண்ணு?"

"பாத்தேனுங்க" என்றேன். பொய். மறுநாள் காலை முதல் வேலையாகக் காற்றுப் பார்த்தேன். பின் டயர் ஒன்றில் நிஜமாகவே குறைந்திருந்தது.

வெள்ளி நியூமெக்சிகோ, சனி அரிசோனா. பார்த்த இடமெல்லாம் மண் சிவப்பாக இருந்தது. சனிக்கிழமை மட்டும் 535 மைல். வர்ஷா தூங்கினாள், எழுந்தாள், "ஸ்டில் அரிசோனா?" என்றாள், மறுபடி தூங்கினாள். பார்ஸ்டோவில் கடைசி மோட்டல். ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, பேக்கர்ஸ்ஃபீல்டு தாண்டி, பாதாம் தோட்டங்களின் ஓரமாக நேராக வடக்கே ஓட்டி, வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்கும் மலையைக் கடந்து இறங்கினால் பிளசன்டன். மணி பன்னிரண்டு இருபது. மீட்டரில் 3,241 மைல். அபார்ட்மெண்ட் சாவியை வாங்கிக் கதவைத் திறந்து, வெறும் கார்ப்பெட்டில் கையைக் காலை நீட்டிப் படுத்தேன். அப்பாடா! ஒன்பது வருடத்துக்கும் சேர்த்து ஒரு பெருமூச்சு விட்டேன்.

மறுநாள் எட்டு நாற்பதுக்கே ஆபீஸ் வாசலில் நின்றேன், கையெழுத்துப் போட்டேன், வர்ஷா என்னோடு இருக்கிறாள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

ஆனால் அந்த ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு காரியம் செய்தேன். பெட்டியைப் பிரிக்க வேண்டும், பால் வாங்க வேண்டும், வேலை தலைக்கு மேல் கிடந்தது. என் கண்ணோ ஜன்னல் வழியாகக் காரையே பார்த்துக்கொண்டிருந்தது. "போலாமாடி?" என்றேன். "வேர்?" என்றாள் வர்ஷா. எனக்கும் தெரியாது. ஃப்ரீவேயில் ஏறி மேற்கே திரும்பினேன். விரிகுடாவின் மேல் ஒரு நீளமான பாலம், அப்புறம் ஒரு மலை, வளைந்து வளைந்து ஒரு இறக்கம். நாற்பத்தைந்து மைலில் ஹாஃப் மூன் பே. மணலில் கார் நின்றது, எதிரே பசிபிக் கடல். வர்ஷா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்கு ஓடினாள். நான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் போக ரோடு இல்லை என்றதும் எனக்கு நிஜமாகவே ஏமாற்றமாகிவிட்டது.