காவல்காரன் இல்லாமல் போன பெட்டி

சாஃப்ட்வேரைச் சோதிக்கிற வேலை என்பது, அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடித்துச் சொல்லி, அதற்காகவே திட்டு வாங்குகிற வேலை. இந்தப் பிழைப்பில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது தெரியும். இல்லாதவர்களும் எங்காவது உள்ளதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

உத்திரமேரூரில் ஒரு சின்ன கம்பெனி. வயலில் இருக்கிற மோட்டாரை வீட்டிலிருந்தே போன் மூலம் ஓட்டவும் நிறுத்தவும் ஒரு பெட்டி செய்கிறார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவன். பாதி ஆயுசு, எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டினேன். விவசாயி எப்படி அமுக்குவானோ அப்படி அமுக்கிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று என்னை எடுத்துக்கொண்டார்கள்.

மோட்டார் என்பது கை வைக்கிற இடம். பெட்டி தப்பாக நடந்தால் போவது யாரோ ஒருவருடைய கை. அந்தப் பயம் எனக்கு ஆரம்பத்திலேயே இருந்தது. முதல் பெட்டி தனக்குத்தான் என்று சொல்லி வைத்திருந்தவர் பெருநகரில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுக்காரர் ஏழுமலை.

சிவப்பு எழுத்து

புரோகிராம் எழுதுவது மானாம்பதியிலிருந்து வரும் ஸ்டெல்லா. அவள் எழுதுவதை மிஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது கம்பைலர். மாற்றும்போதே ஒரு காவல்காரனையும் உள்ளே வைக்கச் சொல்லலாம் என்று அவள்தான் எனக்கு விளக்கினாள். மிஷினுடைய ஞாபகத்தில் ஒவ்வொரு தகவலுக்கும் அளந்து விட்ட ஓர் அறை. இரண்டு அறைக்கு நடுவே காவல்காரன் சும்மா கொஞ்சம் இடம் விட்டு வைப்பான். எந்தத் தகவலாவது தன் அறையைத் தாண்டி அந்த இடத்தில் கால் வைத்தால், புரோகிராமை அங்கேயே நிறுத்தி, திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் கத்துவான்.

காவல்காரன் இருந்தால் எல்லாம் மெதுவாகத்தான் ஓடும். அதனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும்தான் அவன். வயலுக்குப் போகிற பெட்டியில் கிடையாது. நான் அமுக்க அமுக்கச் சிவப்பு எழுத்து வந்துகொண்டே இருந்தது. முதலாளி வாலாஜாபாத்காரர், என்னைவிட ரொம்பச் சின்னவர். எல்லார் எதிரிலும் அவர் சொன்னதை இன்றுவரை நான் மறக்கவில்லை: "பெருசு, நீ வந்து குந்தினாலே புரோகிராம் படுத்துக்குது. உன் கை ராசி அப்பிடி."

முழுப் பெயர்

ஒரு நாள் பெயர் போடுகிற இடத்தில் மச்சானுடைய பெயரைத் தட்டினேன். எங்கள் பக்கம் ஏழுமலை என்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதனால் பழக்கப்படி, 'பெருநகர் கீழண்டத் தெரு பச்சையப்பன் மகன் ஏழுமலை' என்று தமிழிலேயே போட்டேன். உடனே சிவப்பு எழுத்து.

ஸ்டெல்லா உட்கார்ந்து பார்த்தாள். பெயருக்கு விட்ட அறை சின்னது. தமிழ் எழுத்து இங்கிலீஷ் எழுத்தைவிட அதிக இடம் பிடிக்குமாம். மீதிப் பெயர் பக்கத்து அறைக்குள் வழிந்துவிட்டது. பக்கத்து அறையில் இருப்பது, மோட்டார் ஓட வேண்டுமா நிற்க வேண்டுமா என்கிற தகவல். காவல்காரனை எடுத்துவிட்டு அதே பெயரை மறுபடி போட்டாள். ஒரு சிவப்பு எழுத்தும் இல்லை. மோட்டாருக்குப் பதிலாக நாங்கள் வைத்திருந்த பல்பு மட்டும், யாரும் அமுக்காமலே எரிந்தது. போனில் 'நிறுத்தம்' என்றே இருந்தது. அவள் முகம் செத்துவிட்டது. "காவல்காரன் இல்லன்னா கத்த ஆளில்லீங்கய்யா. அது பாட்டுக்கு ஓடும்."

நாள் குறித்தாகிவிட்டது

விவசாயிகள் கூட்டத்தில் பெட்டியைக் காட்ட நாள் குறித்திருந்தார்கள். ஸ்டெல்லா அவகாசம் கேட்டாள். பெயர் வந்து போகிற இடமெல்லாம் திருத்த வேண்டும், ஓர் இடத்தைச் சரிசெய்தால் காவல்காரன் இன்னோர் இடத்தில் கத்துகிறான் என்றாள். முதலாளி, பெட்டி மாட்டுகிற ஆள் பெயரைச் சின்னதாகப் போட்டுக் கொடுத்தால் போதும் என்று முடித்துவிட்டார். "சார், மோட்டார் சார். கை போயிடும்" என்று நான் சொன்னேன். சிரித்தார். "ஊர்ல எவன் உன்ன மாரி பரம்பரையே டைப் பண்ணிக்கினு குந்தப் போறான்? சின்ன கோளாறு பெருசு, அப்பறம் பாத்துக்கலாம்."

கூட்டுக் கிணறு

மச்சான் வயலில் பெட்டி மாட்டியவன் 'ஏழுமலை' என்று மட்டும் போட்டுவிட்டு, "போன்ல நிறுத்தம்னு இருந்தா நிறுத்தம்தான், இனிமே பியூஸ் கட்டையெல்லாம் புடுங்கத் தேவையில்ல" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அப்படிச் சொல்லச் சொன்னவர் முதலாளி. நான் நேரில் போய், பெயரில் கை வைக்க வேண்டாம், பியூஸைப் பிடுங்காமல் மோட்டாரைத் தொட வேண்டாம் என்று மச்சானிடம் சொன்னேன்.

ஆனால் அது கூட்டுக் கிணறு. முறை வைத்து நீர் பாய்ச்சுகிற இன்னொருவர் பெயரும் ஏழுமலை. மோட்டார் ஓடினால் கூட்டாளிகள் எல்லாருடைய போனுக்கும் 'ஏழுமலை மோட்டார் ஓடுகிறது' என்று தகவல் போகும். எந்த ஏழுமலை என்று தினம் சண்டை. மச்சான் என்னிடம் சலித்துக்கொண்டார்: "முழுப் பேரு போட முடியலன்னா அது இன்னா மிஷினு மச்சான்? அந்தாளாண்ட தெனம் பேஜாரா கீது."

மூணு பேஸ்

ஒரு காலையில் மச்சான் முழுப் பெயரையும் போட்டுவிட்டார். அப்போது லைனில் கரண்ட் இல்லை. பெட்டி பேட்டரியில் இருந்தது. பிறகு கிணற்றடிக்குப் போய், மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே தேய்ந்துபோன ரப்பரை மாற்ற உட்கார்ந்தார். கை உள்ளே இருந்தபோது, மோட்டாரை ஓட்டுகிற மூணு பேஸ் கரண்ட் வந்தது.

வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம். ஆஸ்பத்திரியில் தங்கச்சி என்னைப் பார்த்ததும் கட்டிலின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். முதலாளி பழம் வாங்கிக்கொண்டு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "பியூஸைப் புடுங்கிட்டு இல்ல கை வெச்சிருக்கணும்" என்றார். நான் வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது மச்சான் கூரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நிறுத்தம்னுதான் காட்டுச்சு மச்சான். பாத்துட்டுதான் கை வெச்சேன்."

மறுபடியும் அதே பெட்டி

எல்லாப் பெட்டிகளையும் திரும்ப எடுத்தோம். ஸ்டெல்லா உட்கார்ந்து, காவல்காரன் ஓர் இடத்திலும் கத்தாத வரைக்கும் திருத்தினாள். ஊரில் இருக்கிற நீளமான பெயரையெல்லாம் நான் தட்டிக்கொண்டே இருந்தேன்.

கட்டு பிரித்த பிறகு மச்சான் ஆபீசுக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து முதலாளி உள் அறைக்குப் போய்விட்டார். மச்சான் கேட்டது பெட்டியை. ஸ்டெல்லா அழுதாள். அவர் துண்டால் கையை மூடிக்கொண்டார். "அழுவாதம்மா. இந்தக் கையோட ஸ்டார்ட்டர் கைப்பிடியத் தூக்க முடியல. பெட்டி இல்லன்னா பயிரு காஞ்சிடும், நான் வேற இன்னா பண்றது?"

இந்தத் தொழிலில், கத்தி நிறுத்துகிற புரோகிராமை எல்லாரும் திட்டுகிறார்கள். கத்தாமல் ஒரு கையை வாங்கிக்கொண்டதை மட்டும் எங்கள் முதலாளி இன்னமும் சின்ன கோளாறு என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.