இடது கை தூக்கியவள்

டாக்டர் என் மனைவியைக் கண்களை மூடிக்கொள்ளச் சொன்னபோது மணி பதினொன்றே கால். தில்லைநகரில் ஒரு மாடி அறை. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். அது நாங்கள் கேட்டுக்கொண்டது. காற்று பட்டால் அவளுக்கு வலது கன்னத்தில் வலி வெட்டும்.

ஆறு வருட வலி. முகத்து நரம்பில் கோளாறு என்று நரம்பு டாக்டர் சொல்லியிருந்தார். பல் தேய்த்தால் வரும், மென்றால் வரும், சில நாள் பேசினாலே வரும். மாத்திரை போட்டால் தலை சுற்றும். இரண்டு மாதம் முன்பு குளியலறையில் விழுந்தாள். மாத்திரையைக் கூட்ட அவருக்கு மனமில்லை, அறுவை சிகிச்சைக்கு அவளுக்கு மனமில்லை. காதுக்குப் பின்னால் மண்டையோட்டைத் திறக்க வேண்டும் என்றதுமே பேச்சை மாற்றிவிட்டாள். அப்போதுதான் அவர், ஹிப்னாடிசத்தால் சிலருக்கு வலி அடங்குகிறது, ஆனால் எல்லோருக்கும் அது பலிக்காது, முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று இந்த மனநல டாக்டரிடம் அனுப்பினார். பலித்தால் ஆபரேஷன் வேண்டியிருக்காது. அவள் காதில் வாங்கிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

ஹிப்னாடிசத்துக்கு எங்கள் பத்திரிகையில் 'அறிதுயில்' என்று போடுவோம். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு பள்ளிகொண்ட பெருமாளைத் தவிர வேறு யாருக்கும் அந்தச் சொல்லைச் சொல்ல வாய் வருவதில்லை.

மனநல டாக்டர் சிறு வயதுப் பெண். முப்பத்தைந்துக்குள் இருக்கும். "இதுல பாஸ், ஃபெயில் எல்லாம் கிடையாதும்மா. என்ன நடக்குதோ அப்படியே நடக்க விடுங்க" என்றார். மடியில் ஓர் அட்டை, அதில் எட்டு வரி அச்சடித்த தாள். நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன்.

தலை முன்னால் சாயும் என்றார், சாய்ந்தது. நீட்டிய வலது கையில் கனமான பை தொங்குகிறது, கை இறங்கும் என்றார். நிரம்பிய டம்ளரைச் சிந்தாமல் வைப்பதுபோல் கை இறங்கியது. உள்ளங்கைகள் இரண்டும் நெருங்கின. நாக்கில் இனிப்பு தெரியும் என்றதும் உதடு லேசாக அசைந்தது. முழங்கையை மடக்க முடியாது என்றபோது மட்டும் மடக்கிவிட்டாள். வலது கன்னத்தில் கொசு உட்காருகிறது என்றார். விரட்டினாள். ஆனால் கை கன்னத்தைத் தொடவில்லை. ஓர் அங்குலம் தள்ளியே விசிறிவிட்டு மடிக்குத் திரும்பியது. ஏதாவது ஒரு கை, பலூன் கட்டியதுபோல் தானாக எழும் என்றார். இடது கை எழுந்தது. கடைசியாக, கண்ணைத் திறந்தபின் நடந்தது எதுவும் நினைவிருக்காது என்றார்.

"ஒண்ணும் ஞாபகம் இல்லைங்க டாக்டர்" என்றாள் கண்ணைத் திறந்ததும்.

எட்டுக்கு ஏழு. "ரொம்ப நல்லா வருது சார். அடுத்த வாரமே ஆரம்பிச்சிடலாம்" என்று டாக்டர் என்னிடம் சொன்னார். பிறகு அவளிடம், "வலி எவ்வளவும்மா, பத்துக்கு?"

"நாலு."

எப்போதும் சொல்கிற எண்தான்.

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினோம். ஜன்னல் இருக்கை எனக்கு, காற்று வராமல் கண்ணாடியைச் சாத்திவிட்டேன். அவள் தலைப்பால் கன்னத்தை மூடிக்கொண்டாள்.

"நெஜமாவே தூங்கிட்டியா?" என்றேன்.

"யாரு, நானா? முதல்ல தலை சாயறது, அப்புறம் பை, அப்புறம் உள்ளங்கை, இனிப்பு..." எட்டையும் வரிசை தவறாமல் ஒப்பித்தாள்.

"ஒண்ணும் ஞாபகம் இல்லைன்னியே?"

"அந்தப் பொண்ணு பாவம், தொண்டைத் தண்ணி வத்தச் சொல்லிக்கிட்டிருக்கு. கை நகரலைன்னா அதுக்கு எப்படி இருக்கும்? பாஸ், ஃபெயில் இல்லையாம், ஆனா டிக் மட்டும் போடுதாம். பேனா சத்தம் எனக்குத் தெரியாதா?"

"அப்ப முழங்கை மட்டும் ஏன் மடங்குச்சு?"

"எட்டுக்கு எட்டு வாங்கினா சந்தேகம் வரும்ல."

அவள் முப்பது வருடம் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். அந்தப் பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆய்வுக்கு அதிகாரி வருகிற நாளில், என்ன கேள்வி கேட்டாலும் வகுப்பு முழுவதும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. டீச்சர் வலது கையாகப் பார்த்து எழுப்புவார். அதிகாரி திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். முப்பது வருடமும் அவள் பிள்ளைகளை இப்படிப் பழக்கியிருக்கிறாள்.

"பலூன் கட்டினப்ப எந்தக் கை எழுந்துச்சு, பாத்தீங்களா?"

"இடது கை."

"அப்புறம் என்ன கேள்வி?"

சிரிக்கப் போனாள். வலி வெட்டியது. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். காவிரிப் பாலத்தின் பாதியில் பிடித்த கம்பியை, மாம்பழச் சாலை நிறுத்தம் தாண்டித்தான் விட்டாள். கன்னத்தைத் தொடாமலே அவள் விரட்டிய அந்தக் கொசு எனக்கு நினைவுக்கு வந்தது.

"நாலுன்னு சொல்றியே," என்றேன். "அது எந்தக் கை?"

அவள் பஸ் டிக்கெட்டை நாலாக மடித்தாள்.

"இடதுதான்."

"நெஜத்துல எவ்வளவு?"

"எட்டு. பல நாள் ஒம்போது."

"ஏன் சொல்லலை?"

"காப்பி டம்ளரைக் கையில வச்சுக்கிட்டே கேப்பீங்க. ஒம்போதுன்னா என்ன பண்ணுவீங்க? டாக்டருக்குப் போன் பண்ணுவீங்க, அவர் ஆபரேஷன்னு நிப்பாரு. நாலுன்னா பேப்பர் படிக்கப் போயிடுவீங்க."

நரம்பு டாக்டருக்காக நான்தான் தினமும் நோட்டில் எழுதி வந்தேன். தேதி, வேளை, எண். ஒரு விபத்துச் செய்தியில் காயமடைந்தவர்கள் எத்தனை பேர் என்பதை இரண்டு இடத்தில் விசாரிக்காமல் நான் அச்சுக்கு அனுப்பியதில்லை. இந்த எண்ணை ஒருநாள்கூட இரண்டாம் முறை கேட்டதில்லை.

"அந்தப் பொண்ணு முகத்துல எப்படி முழிப்பேன்?" என்று அவள் இரண்டு நாள் இழுத்தடித்தாள். அடுத்த வாரம் போய், அவள் நடித்ததைச் சொன்னோம். மனநல டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. தன் குரலைப் போனில் பதிவு செய்து ஓடவிட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். உள்ளே அவளும் ஒரு தாளும் மட்டும். நடந்ததை அவளே எழுத வேண்டும். பார்க்க ஆள் இல்லை. வெளியே பெஞ்சில் ஒரு மணி நேரம் காத்திருந்தேன்.

எட்டுக்கு ஒன்று.

"இனிப்பு மட்டும் நெஜமாவே தெரிஞ்சுது" என்றாள், ஏதோ சமாதானம் சொல்வதுபோல.

"இது உங்களுக்கு ஒத்துவராதும்மா" என்றார் டாக்டர். தாளின் அடியில், வலி என்று போட்டிருந்த இடத்தில், வகுப்புப் பலகையில் எழுதுகிற குண்டு எழுத்தில் ஒன்பது என்று எழுதியிருந்தாள்.

நரம்பு டாக்டர் அந்தத் தாளையும் என் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நோட்டைப் பின்னுக்குப் புரட்டிக்கொண்டே போனார். நாலு, நாலு, மூன்று, நாலு. "இதை வச்சுத்தான் சார் இவ்வளவு நாள் தள்ளிப் போட்டேன்" என்றார். ஒன்பது என்றால் இனிக் காத்திருப்பதில் அர்த்தமில்லை, ஆபரேஷன்தான் என்றார்.

அவள் இந்த முறை பேச்சை மாற்றவில்லை. "முடியை எல்லாம் எடுத்துடுவீங்களா?" என்று கேட்டாள்.

"காதுக்குப் பின்னாடி கொஞ்சம்தாம்மா."

"சரிங்க" என்றாள். களைத்துப்போன குரல்.

தேதி குறிக்க அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருந்தார். மறுநாள் காலை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எவ்வளவு என்று கேட்டேன்.

"எட்டரை."

நோட்டில் எழுதினேன். பேப்பர் வாசலிலேயே கிடந்தது.