நீராவி இஸ்திரிப் பெட்டியும் ஒற்று அத்தானும்

என் அக்கா புருஷனை அவர் வேலை பார்க்கும் அச்சகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஒற்று’ என்பார்கள். விட்டுப்போன ஒற்றெழுத்துகளைப் போடுவதற்குத்தான் அவருக்கு அங்கே சம்பளம். சம்பளம் வராத இடங்களிலும் அதையே செய்வார். அவர் குடியிருக்கும் அடுக்குமாடி வாசலில் ‘வண்டி நிறுத்தக் கூடாது’ என்ற பலகையில் ஒரு ‘க்’ மட்டும் வேறு நிற மையில் இருக்கும். ஓட்டலில் மெனு அட்டையைக் கையில் கொடுத்தால் முதலில் பேனாவைத்தான் எடுப்பார், பசியெல்லாம் அதற்கப்புறம். கல்யாணமான புதிதில் ஒருமுறை அக்கா கோபித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ‘உங்களை மண்ணிக்கவே மாட்டேன்’ என்று அவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினாள். ‘மூணு சுழி இல்லை, ரெண்டு சுழி’ என்று பதில் வந்தது. அதைப் படித்து அவள் சிரித்துத் தொலைத்தாள். சிரித்த பிறகு எப்படிக் கோபமாக உட்கார்ந்திருப்பது? கிளம்பிப் போய்விட்டாள்.

இப்படிப்பட்டவரைச் சாமான் வாங்க அனுப்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு குடை வாங்கி முடிப்பதற்குள் மழைக்காலம் போய்விட்டது. கடைக்காரர் எதை நீட்டினாலும் அத்தான் கண்ணுக்கு அதிலிருக்கும் குறைதான் முதலில் தெரியும். அது தெரிந்த பிறகு மனிதர் எப்படிப் பணத்தை எடுப்பார்?

அக்கா குழந்தைகள் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். தினமும் வெள்ளைக் கோட்டு போட்டாக வேண்டும். ஒரு நாள் காலையில் வீட்டிலிருந்த பழைய இஸ்திரிப் பெட்டி அவள் கோட்டின் மார்பில் துருத் தண்ணீரைக் கக்கிவிட்டது. மாற்றுக் கோட்டு இன்னும் காயவில்லை. அதையே போட்டுக்கொண்டு போனாள். வார்டில் ஒரு குட்டிப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஆன்ட்டி, நீங்க டீ குடிக்கும்போது யாராவது கூட இருக்கணும்” என்றதாம். சுற்றி நின்ற டாக்டர்கள் சிரித்ததுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அத்தானிடம் சொன்னாள்:

“ஏங்க, எனக்கு ஒரு நல்ல ஸ்டீம் அயர்ன் பாக்ஸ் வேணும். நானே போய் வாங்கினா அதுல இது நொள்ளை அது நொள்ளைன்னு வருஷம் பூரா சொல்லுவீங்க. அதனால நீங்களே வாங்கிட்டு வாங்க.”

அத்தான் சம்மதித்தார். எடுத்தவுடன் கடைக்குப் போய்விடுவாரா? அக்கம்பக்கத்தில் என்னென்ன பெட்டி இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்றார். மாடி மாடியாக இரவல் வாங்கினார். தேய்த்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும்போது சும்மா கொடுத்தால் பரவாயில்லை, அபிப்பிராயத்தையும் சேர்த்துக் கொடுத்தார். எதிர் வீட்டு டீச்சரம்மாவிடம், “மூக்கு மழுங்கியிருக்கு டீச்சர், பட்டனைச் சுத்திப் போக மாட்டேங்குது” என்றார். மாடியில் இருக்கும் பல் டாக்டரிடம், “அடியில உள்ள ஓட்டையில பாதி அடைச்சுக்கிச்சு, நீங்க உள்ள எட்டிப் பாக்கறதே இல்லையா?” என்றார். வாயைப் பார்த்தே பிழைக்கும் மனிதருக்கு அது சுருக்கென்று பட்டுவிட்டது. அதற்குப் பிறகு அத்தான் படியேறும் சத்தம் கேட்டாலே அந்தத் தளத்தில் எல்லோருடைய பெட்டியும் ரிப்பேராகிவிடும்.

இத்தனை நாளும் அக்கா, முந்தின நாள் துவைத்த கோட்டை மெத்தைக்கு அடியில் விரித்து அதன்மேல் படுத்துத் தூங்கினாள். இடப்பக்கம் நன்றாக வரும். வலப்பக்கம் அத்தான் புரண்டு படுத்த அளவைப் பொறுத்தது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா எனக்குப் போன் செய்தாள். நான் வாடகைக் கார் ஓட்டுகிறவன். “உங்க அத்தானை வண்டியில ஏத்தி, ஒரு பெரிய கடை வாசல்ல இறக்கி, கையோட பெட்டி வாங்கிட்டு வா. வழியில எங்கயும் போர்டு பாக்க விடாதே” என்றாள்.

அத்தான் ஒரு பெரிய பையோடு வந்து வண்டியில் ஏறினார். பைக்குள் துவைத்துக் கசக்கிச் சுருட்டிய துணிகள். கூடவே வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஒரு பாட்டிலில்.

“தண்ணி எதுக்கு அத்தான்? கடையில குடிக்கக் கொடுப்பாங்களே.”

“குடிக்க இல்ல மாப்ளே. நம்ம உப்புத் தண்ணிய அந்தப் பெட்டி குடிக்குமான்னு பாக்கணும்.”

கடை அப்போதுதான் திறந்திருந்தது. இஸ்திரிப் பெட்டிகள் நீளமான அலமாரியில் வரிசையாக மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றன. டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர், சிரித்த முகம். இந்தப் பெட்டிக்கு ராக்கெட்டில் பயன்படுத்தும் பூச்சு, அந்தப் பெட்டிக்குத் தங்கம் மாதிரி அடித்தட்டு என்று ஆரம்பித்தார். அத்தான் அதைக் காதில் வாங்காமல் பெட்டியோடு வந்த கையேட்டைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினார். நான் பக்கத்தில் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

“தம்பி, இங்க பாருங்க” என்றார் அத்தான். “‘உடுத்தியிருக்கும் துணியை அப்படியே தேய்க்க வேண்டும்’னு போட்டிருக்கு.”

விற்பனையாளர் குனிந்து பார்த்தார். “வேண்டாம்னு இருக்கணும் சார்.”

“நீங்க சொல்றீங்க. புஸ்தகம் வேண்டும்னுதான சொல்லுது.”

“இதையெல்லாம் யாரும் படிக்கிறதில்ல சார்.”

“படிக்காததாலதான் உயிரோட இருக்காங்க” என்றார் அத்தான். பேனாவை எடுத்தார். அடுத்த வரியில் ‘ஆவி வரும்போது குழந்தைகளை அருகில் விட வேண்டாம்’ என்றிருந்தது. “நீராவின்னு எழுதணும். இதைப் படிச்சா வீட்டுல மந்திரிக்க ஆள் கூப்பிடுவாங்க” என்று அதையும் திருத்தினார்.

பிறகு பெட்டிகளைத் தேய்த்துப் பார்க்க வேண்டும் என்றார். விற்பனையாளர் தயங்கி மேனேஜர் அம்மாவைப் பார்த்தார். கூட்டமில்லாத நேரம், அந்த அம்மா போனில் யாருடனோ பேசிக்கொண்டே தலையை ஆட்டினார். எதற்குத் தலையாட்டினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. மேசை வந்தது, ஒயர் வந்தது. அத்தான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார்.

அவர் வேலை செய்வதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். காலரை வெளியிலிருந்து உள்நோக்கித் தேய்த்தார். பட்டன்களுக்கு நடுவே மூக்கை நுழைத்து ஓட்டினார். சூட்டைக் குறைத்து வைத்து ஆவியைத் திறந்து, துணியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று பார்த்தார். சொட்டிய பெட்டியைக் தேறாத பரீட்சைத் தாளை வைப்பதுபோல ஓரமாக வைத்தார். ஒன்றை நிமிர்த்தி வைத்து மேசையை லேசாக ஆட்டினார், அது மல்லாந்தது. “வீட்டுல குழந்தை இருந்தா இது ஆகாது” என்றார், யாரிடமும் இல்லாமல்.

ஆனால் அதற்குள் கேட்க ஆள் நின்றுகொண்டிருந்தது. ஒரு தம்பதி, அவர்களுக்குப் பின்னால் கைத்தடி வைத்த ஒரு பெரியவர், பிறகு நாலைந்து பேர். அத்தானைக் கடை ஏற்பாடு செய்த ஆள் என்று நினைத்துவிட்டார்கள்.

“சார், அந்த நீலப் பெட்டி எப்படி?” என்று அந்த மனைவி கேட்டார்.

“வேணாம்மா. பாக்க லட்சணமா இருக்கு, ஆனா ஒயர் குட்டை. பிளக்கை விட்டு நகர முடியாது.”

“இது?”

“கனம். நீங்க தேய்ச்சா ஒரு சட்டையிலயே தோள் போயிடும். இவர் தேய்ப்பார்னா வாங்குங்க.”

மனைவி கணவனைத் திரும்பிப் பார்த்தார். கணவன் அவசரமாக வேறு பெட்டியைக் காட்டினார். அத்தான் அதை எடுத்து, பாட்டிலில் இருந்த உப்புத் தண்ணீரை ஊற்றி, பையிலிருந்த ஒரு சட்டையைத் தேய்த்துக் காட்டி, “இதுலயும் குறை உண்டு. தண்ணி ஊத்துற வாய் சின்னது, கொஞ்சம் சிந்தும். ஆனா மத்தபடி மோசமில்ல” என்றார். அவர்கள் அதையே வாங்கிக்கொண்டு போனார்கள். விற்பனையாளர் வாயைத் திறந்தவர் மூடவில்லை. கடையில் யாரும் குறை சொல்லிச் சாமான் விற்று அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது.

பிறகு கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர் கோட்டைக் கழற்றி நீட்டினார். வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போகிற வழியாம். அத்தான் அதற்கு முதுகுப் பக்கம் முழுக்க ஆவி அடித்துக் கொடுத்தார். கைத்தடிப் பெரியவர் தன் கைக்குட்டையைக் கொடுத்தார், எந்த அவசரமும் இல்லாமல்.

நாங்கள் வீடு திரும்பியபோது சாயங்காலம். அக்கா பையை வாங்கிப் பார்த்தாள். ஒரு சுருக்கம்கூட இல்லாமல் அத்தனை துணியும் மடித்து அடுக்கியிருந்தது. பையின் அடிவரை துழாவினாள்.

“பெட்டி எங்க?”

“ஒண்ணு கிடைச்சுது” என்றார் அத்தான். “குறை இருந்தது, மன்னிக்கக்கூடிய குறை. எடுத்து வெச்சிருந்தேன். அந்தக் கைக்குட்டைப் பெரியவர் ரொம்ப ஆசைப்பட்டார், அவர்கிட்ட கொடுத்துட்டேன். அதுதான் கடைசிப் பெட்டி.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கார்ச் சாவியைப் பார்த்தேன். பிறகு அவள், தேய்த்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தாள்.

அடுத்த நாள் கடையிலிருந்து மேனேஜர் அம்மாவே கூப்பிட்டார். மாதக்கணக்காகத் தூசி படிந்து கிடந்த பெட்டிகளெல்லாம் ஒரே நாளில் போய்விட்டனவாம். “ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து நிக்கிறீங்களா சார்? நீங்க என்ன வேணாலும் சொல்லுங்க, நாங்க குறுக்கே பேச மாட்டோம்.” குறுக்கே பேச மாட்டோம் என்று அத்தானிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை. உடனே ஒப்புக்கொண்டார். அவர் வாழ்க்கையில் யோசிக்காமல் எடுத்த முடிவு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஞாயிறுதோறும் போனார். ஊருக்கெல்லாம் பெட்டி தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். வெறுங்கையோடு வீடு திரும்பினார். அக்கா மெத்தைக்கு அடியிலேயே கோட்டை வைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் வண்டியில் வரும்போது நான் கேட்டே விட்டேன்.

“மத்தவங்களுக்கு ஒரு நிமிஷத்துல சொல்றீங்க. நம்ம வீட்டுக்கு ஏன் அத்தான் முடிய மாட்டேங்குது?”

அவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: “அவங்க பெட்டி அவங்க வீட்டுக்குப் போயிடும் மாப்ளே. நம்மது தினம் என் கண்ணு முன்னாலயே நிக்குமே, தப்போட.”

இதை நான் அக்காவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. வந்த ஞாயிற்றுக்கிழமை, அத்தான் கடைக்குப் போன பிறகு, என்னை வண்டி எடுக்கச் சொன்னாள்.

கடையில் மேசையைச் சுற்றி நல்ல கூட்டம். அக்கா முட்டிமோதிப் போய் முன்வரிசையில் நின்றாள். நான் பின்னால் நின்றேன். தலை நிமிர்ந்த அத்தான் அவளைப் பார்த்து ஒரு கணம் திகைத்தார். அக்கா முகத்தில் ஒரு அடையாளமும் காட்டவில்லை.

“சார், எனக்கு ஒரு யோசனை சொல்லுங்க” என்றாள். “எங்க வீட்டுக்காரர் ரொம்ப நாளா யோசிச்சிட்டிருக்கார். அவர் முடிவு பண்றதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துடும்.”

கூட்டம் சிரித்தது. மேனேஜர் அம்மா எட்டிப் பார்த்தார். அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“என்ன துணிம்மா?” என்றார்.

“வெள்ளைக் கோட்டு. கெட்டிப் பருத்தி.”

“தண்ணி?”

“உப்பு.”

“எவ்வளவு நேரம் நின்னு தேய்ப்பீங்க?”

“நாள் பூரா வார்டுல நிக்கிறேன். வீட்டுலயும் நிக்கச் சொன்னா கால் கழண்டுடும்.”

அத்தான் அலமாரிப் பக்கம் திரும்பினார். கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகவில்லை, நேராக ஒரு பெட்டியை எடுத்தது. “இது. நீராவி நிறைய வரும், கெட்டித் துணி சீக்கிரம் படியும். கையில லேசா இருக்கும். உப்பு படிஞ்சா கழுவறதுக்கு வழி இருக்கு.” கொஞ்சம் தயங்கினார். “பிடியோட நிறம் நல்லா இல்ல.”

“நிறத்தை நான் பாத்துக்கிறேன்” என்றாள் அக்கா.

பில் போட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டு, அவரைத் திரும்பியும் பார்க்காமல் வெளியே வந்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

சாயங்காலம் அத்தான் வீட்டுக்கு வந்தபோது பெட்டி மேசைமேல் இருந்தது. இரண்டு முறை சுற்றி வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“கடையில ஒருத்தர் எடுத்துக் கொடுத்தார்” என்றாள் அக்கா. “விஷயம் தெரிஞ்சவர். அவரைக் குறை சொன்னா எனக்குக் கோபம் வரும்.”

அத்தான் கோட்டை எடுத்து மேசையில் விரித்தார், தண்ணீர் ஊற்றினார், வலப்பக்கத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.